பை நம்பர் 47

சென்னையிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு பெரம்பலூர் என்றால் ஒரு பைபாஸ், அவ்வளவுதான். கண்ணைக் கசக்கி ஜன்னல் வழியே பார்த்து, 'இன்னும் ஒரு மணி நேரத்தில் திருச்சி' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மறுபடி தூங்கிவிடுவார்கள். நானும் பல வருஷம் அப்படித் தூங்கியவன்தான். இந்த முறை இறங்கினேன். காரணம், ஒரு தேங்காய் நார்!

விஷயம் இதுதான். சென்னையில் என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு கடை. உள்ளே ஏ.சி., வெட்டிவேர் வாசனை, மெல்லிசாகப் புல்லாங்குழல். பூமிக்குக் கெடுதல் செய்யாத வீட்டுப் பொருட்களாம். மூங்கில் டூத் பிரஷ், பாக்கு மட்டைத் தட்டு, அப்புறம் பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நார். நாரை அழகாக உருட்டி, சணல் கட்டி, ஒரு சீட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். விலை 120 ரூபாய்.

"தம்பி, இது தேங்காய் நார்தானே?"

"எஸ் சார். ஹண்ட்ரட் பர்சென்ட் நேச்சுரல்."

"தேங்காய் வாங்கினா இது இனாமா வருமேப்பா?"

பையன் மரியாதைக்காகச் சிரித்தான். நான் வெளியே வந்த பிறகு நிஜமாகச் சிரித்திருப்பான். 2018-ல் ஒரு கொட்டாங்குச்சியை ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலை போட்டு வைத்து, ஊரே சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கொட்டாங்குச்சியின் தங்கச்சிதான் இந்த நார்.

இதை ஒரு நண்பரிடம் புலம்பினேன். ஆபீஸ் வேலை, சொந்த ஊர் குரும்பலூர். "எங்க ஊர்ல இதே கடை முப்பது வருஷமா இருக்கு. ஏ.சி.யும் புல்லாங்குழலும்தான் கிடையாது. போய்ப் பாரு" என்றார்.

போனேன்.

பெரம்பலூரில் துறையூர் பஸ் ஏறினால் குரும்பலூர் சீக்கிரம் வந்துவிடும். டிக்கெட் வாங்கி, சில்லறையை எண்ணி, பக்கத்து சீட்காரரிடம் ஊர் பேர் விசாரித்து முடிப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுகிறார். மேற்கே பச்சைமலை நீலமாகப் படுத்திருக்கிறது. வழியெல்லாம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். 1995-ல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தின் அடையாளமே இந்த மூன்றும்தான். வெங்காயத்தை அறுவடை செய்து வயலோரத்திலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். காற்றுப் போகிற மாதிரி தட்டி கட்டி, மேலே கீற்று வேய்ந்த குடிசை. கரெண்ட் பில் இல்லாத குளிர்சாதனம்! விலை ஏறும் வரைக்கும் வெங்காயம் அதில் பொறுமையாகக் காத்திருக்கும். விவசாயிக்குத்தான் பொறுமை போய்விடும்.

குரும்பலூர் ஒரு பேரூராட்சி. கடைத்தெருவில் இறங்கி, "நார், முறமெல்லாம் விக்கிற கடை?" என்று டீக்கடையில் கேட்டேன். "போர்டு இருக்காதுங்க. துடைப்பம் தொங்கும், அதான் போர்டு" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

துடைப்பம் தொங்கியது. எத்தனை வகை! தென்னங்குச்சி விளக்குமாறு, ஈச்சமாறு, பூந்துடைப்பம். (பூந்துடைப்பத்துக்கான புல் பெரும்பாலும் மேகாலயா பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. நம் கூடத்தைப் பெருக்க எவ்வளவு தூரம் ரயிலேறி வந்திருக்கிறது பாருங்கள்!) உள்ளே பனை ஓலைப் பெட்டி, கோரைப்பாய், தாம்புக் கயிறு, சீயக்காய், பூந்திக்கொட்டை, மண்சட்டி, உரி. மூலையில் கோபுரமாக அடுக்கிய மூங்கில் முறங்கள்.

கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். வெள்ளை பனியன், காதில் பென்சில்.

"அண்ணே, தேங்காய் நார் என்ன விலை?"

"பாத்திரத்துக்கா? அந்தச் சாக்குல கெடக்கு பாருங்க, எடுத்துக்குங்க. வேற ஏதாச்சும் வாங்கினீங்கன்னா அதுக்குக் காசு வேணாம்."

120 ரூபாய் லாபம்! பி.காம். படித்த மனசு உடனே வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு முறம், ஒரு ஓலைப்பெட்டி, அரைக் கிலோ சீயக்காய் வாங்கினேன்.

"பை?"

"கொண்டு வரலீங்களா?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். குடையில்லாமல் மழையில் நிற்பவனைப் பார்க்கிற பார்வை. பிறகு ஆணியில் மாட்டியிருந்த ஒரு துணிப் பையை எடுத்தார். பழைய மஞ்சள். அடியில் மார்க்கர் பேனாவால் 47 என்று எழுதியிருந்தது.

"பத்து ரூவா டெபாசிட். பையைக் கொண்டு வந்தீங்கன்னா பத்து ரூவா திரும்பத் தந்துருவேன்."

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. பை நம்பர், வாங்கியவர், தேதி. திரும்பி வந்தால் ஒரு டிக். என் பேர் கேட்கவில்லை. '47 — மெட்ராஸ் தம்பி' என்று எழுதினார்.

"இந்த ஐடியா எங்கேண்ணே பிடிச்சீங்க?"

"டாஸ்மாக்குலதான்!"

நான் கொஞ்சம் பின்வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். காலி மதுபாட்டில்கள் காட்டில் கிடந்து யானை காலைக் கிழிக்கிறது என்று ஹைகோர்ட் வரை போய், 2022-ல் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது, காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுப்பது. அதே வருஷம் அது கோவைக்கும் பெரம்பலூர் மாவட்டத்துக்கும் வந்தது.

"பார்த்தேன் தம்பி. குடிச்சவன் தள்ளாடிக்கிட்டே வந்து பாட்டிலைத் திருப்பிக் குடுக்கறான். நிதானமா நின்னு சாமான் வாங்குறவன் பையைத் திருப்பித் தர மாட்டானா?"

"தர்றாங்களா?"

அவர் நோட்டைப் புரட்டினார். "பொம்பளைங்க தர்றாங்க. ஆம்பளைங்கதான் வண்டி பெட்டிக்குள்ள போட்டு மறந்துர்றாங்க."

திரும்பாத பைக்குப் பத்து ரூபாய் இவருக்குத்தானே மிச்சம் என்று நினைத்தேன், சொல்லியும் விட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது என் காசு இல்லீங்க. அவங்க காசு, என்கிட்ட இருக்கு."

சார், காலேஜில் அக்கவுண்டன்சி வாத்தியார் ஒரு செமஸ்டர் முழுக்கக் கத்திக் கத்திச் சொன்னது இதுதான். டெபாசிட் வருமானம் ஆகாது, பொறுப்புப் பக்கம்தான் எழுத வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. துடைப்பக் கடைக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். 2018 ஜூன் 5-ம் தேதி, அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டசபையில் பிளாஸ்டிக் தடையை அறிவித்தார். 2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. கேரி பேக் எந்தத் தடிமனில் இருந்தாலும் கூடாது. அன்றைக்கே நம்ம அண்ணன் கேரி பேக்கை நிறுத்தியிருக்கிறார். நிறுத்தினது தப்பில்லை. பக்கத்துக் கடைகள் ஒரு மாசம் நிறுத்திவிட்டு, மறுமாசம் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்ததுதான் வினை.

"அங்க பை தர்றான், நீ ஏன் தரலைன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் வியாபாரம் எல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு. மிச்சம் இருக்கிறது இந்த நாரும் முறமும்தான்" என்றார்.

நடுவில் 'நான் ஓவன்' என்று ஒரு பை வந்தது. தொட்டால் துணி மாதிரி இருக்கும். கிழித்துப் பார்த்தால் நூல் வராது, ஏனென்றால் அது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். அண்ணன் ஏமாந்து ஒரு கட்டு வாங்கிவிட்டார். அதிகாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். காகித டீ கப்பும் அப்படித்தான், உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. அந்தக் கப்புக்குத் தமிழ்நாடு போட்ட தடை சரிதான் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. (படித்துக்கொண்டே பேப்பர் கப்பில் டீ குடிக்கும் ஆபீஸ் நண்பர்கள் மன்னிக்க.)

2021 டிசம்பர் 23-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த வருஷம் கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் பை துப்பும் மெஷின்கூட வந்தது. ஒரு காலத்தில் மெட்ராஸில் யாரையாவது 'மஞ்சப்பை' என்று சொன்னால் 'பட்டிக்காட்டான்' என்று அர்த்தம். இப்போது மஞ்சப்பை மாட்டினால் ஸ்டைல். சொல்லின் மதிப்பு ஷேர் மார்க்கெட் மாதிரி.

எல்லாம் சரி, துணிப்பை வாங்கிவிட்டால் பூமிக்கு நல்லது செய்தாகிவிட்டதா? இல்லை என்கிறது ஒரு கணக்கு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2011-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பருத்தி விளைவிக்கவும், நூற்கவும், நெய்யவும் ஆகிற செலவையெல்லாம் புவி வெப்பக் கணக்கில் கூட்டிப் பார்த்தார்கள். ஒரு தடவை உபயோகித்து எறிகிற மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஈடுகட்ட, ஒரு பருத்திப் பையை 131 தடவை உபயோகிக்க வேண்டுமாம்! வாரத்துக்கு ஒரு முறை சந்தைக்கு எடுத்துப்போனால் இரண்டரை வருஷம். சாக்கடை அடைப்பதும், மாடு தின்று சாவதும் அந்தக் கணக்கில் சேரவில்லை, அது பிளாஸ்டிக்கின் தனிக் கடன். ஆனாலும் 131 என்பது 131தான்.

எங்கள் வீட்டு பீரோ மேலே கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் முப்பதாவது இருக்கும். மணமக்கள் பெயர் அச்சடித்தது. சிலருக்குக் குழந்தையே ஸ்கூலுக்குப் போகிறது, பை இன்னும் மடிப்புக் கலையவில்லை. பூமிக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து, கடனைத்தான் அடுக்கி வைத்திருக்கிறோம்.

இதை அண்ணனிடம் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை.

"அதுக்குத்தானே டெபாசிட்டு. பை ஆணியில தூங்கக் கூடாது, சுத்திக்கிட்டே இருக்கணும். இந்த 47 எத்தனை தடவை போயிட்டு வந்திருக்கு தெரியுமா?" நோட்டைக் காட்டினார். டிக், டிக், டிக்.

கிளம்பும்போது ஒரு வயதான அம்மா உள்ளே வந்தார். தலையில் ஐந்து முறம். பக்கத்துக் கிராமம், கணவரும் அவருமாக மூங்கில் பிளந்து பின்னுகிறவர்கள். அண்ணன் எண்ணிப் பார்க்காமல் மூலையில் அடுக்கிவிட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்தார். அந்த அம்மா போன பிறகு கோபுரத்தைக் காட்டிக் கேட்டேன். "இவ்வளவு இருக்கே, இன்னும் ஏன் வாங்கறீங்க?"

"விக்கலைதான். பிளாஸ்டிக் முறம் வந்துருச்சுல்ல. வெங்காயம் புடைக்கிற பொம்பளைங்க சிலபேர் மட்டும் இதைத்தான் கேப்பாங்க. பிளாஸ்டிக்குல சருகு ஒட்டிக்குதாம், பறக்க மாட்டேங்குதாம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் ஒரு மாசம் வேணாம்னு சொன்னேன்னு வைங்க, அவங்க களை எடுக்கப் போயிருவாங்க. அதுக்கப்புறம் முறம் வேணும்னு நான் எங்க போய்க் கேக்கறது? பசங்க யாரும் கத்துக்கலை."

அவர் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். கடைக்கு 'ஈகோ ஸ்டோர்' என்று போர்டு வைத்து, முறத்தைச் சுவரில் மாட்டும் அலங்காரமாக ஆன்லைனில் விற்கலாம் என்கிறானாம். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறதே, அது மாதிரி நம் முறத்துக்கும் ஒரு பேர் வரலாமே என்பது அவன் கட்சி.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"செவுத்துல மாட்டுறதுக்கா முறம்?" என்றார் முதலில். பிறகு முறக் கோபுரத்தைப் பார்த்தார். "மாட்டட்டும். அந்த அம்மாவுக்குக் காசு வந்தா சரி."

சென்னைக் கடைக்காரரை அதன் பிறகு நான் கிண்டல் செய்வதில்லை. நாருக்கு 120 ரூபாய் அநியாயம்தான். ஆனால் முறத்துக்கு அந்த விலை கிடைத்து, அதில் பாதியாவது அந்த அம்மாவின் தலைச்சுமைக்குப் போய்ச் சேர்ந்தால், புல்லாங்குழல் சங்கீதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு வாக்குமூலம் பாக்கி. பை நம்பர் 47 இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. பைக்காக பெரம்பலூருக்கு மறுபடி பஸ் ஏறினால் பஸ் சார்ஜ் கட்டுப்படியாகாது. (ஆம்பளைங்கதான் மறந்துர்றாங்க!) ஆனால் ஆணியில் தூங்கவில்லை. காய்கறிக்கு அதுதான். கதவுக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்டு வருகிறேன். இதுவரை 23. இன்னும் 108 இருக்கிறது.

குரும்பலூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது துடைப்பம் தொங்கும் அந்தக் கடையைப் பார்த்தால், அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பை பத்திரமாக இருக்கிறது, சுற்றிக்கொண்டிருக்கிறது. என் பத்து ரூபாய் பொறுப்புப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

போகும்போது மறக்காமல் ஒரு பை எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் உங்களையும் அந்த மாதிரி பார்ப்பார்!