சாரல் இல்லாத குற்றாலம்

குற்றாலத்துக்குச் சீசன் என்பது ஆனியும் ஆடியும் ஆவணியும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே கிழக்கே புகுந்து சாரலாக இறங்கும் காலம் அது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்வரும் ஐயப்ப பக்தர்களால் மறுபடியும் கூட்டம் சேரும். தை பாதி கழிந்துவிட்டால் வைகாசி வரை ஊர் தன்பாட்டுக்கு இருக்கும்.  

தெற்கே களக்காட்டுப் பக்கமிருந்து போகிறவர்களுக்கு வழியே பருவத்தைச் சொல்லிவிடும். வாழைத்தோட்டங்களைக் கடந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், கடையம், தென்காசி என்று போகும் பாதையில், பங்குனி வாக்கில் பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த வயல்கள் தாளடியாகக் கிடக்கும். மேற்கே மலை மட்டும் பச்சை குறையாமல் கூடவே வரும்.

பேரருவியில் அப்போது ஒழுகல்தான் இருக்கும். சில ஆண்டுகளில் அதுவும் நின்றுவிடும். அதுவும் அருவியின் ஒரு தரிசனம் என்று சொல்லலாம். சீசனில் வெள்ளைத் திரையாக மறைந்திருக்கும் பாறையின் முகம் முழுதாகத் தெரியும். அதில் செதுக்கிய லிங்கங்களை நின்று நிதானமாகப் பார்க்க முடியும். மேலிருந்து வரும் தண்ணீர் இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே கீழே இறங்குகிறது. இவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் மனிதர் தலைகொடுத்து நிற்க முடிவது அந்தப் பள்ளத்தால்தான். சாரல் காலத்துக் கூட்டத்தில் இதை அண்ணாந்து பார்க்க யாருக்கும் இடமோ நேரமோ கிடைப்பதில்லை.

குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது. ஈர வேட்டியோடு அவசரமாக ஒரு சுற்று வந்து போகிறவர்களுக்கு அந்த வடிவம் பிடிபடாது. கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, தெப்பக்குளத்தை ஒட்டி நிற்கும் சித்திரசபைதான் இந்த ஊரின் பெரும் செல்வம். நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளிசபை, திருநெல்வேலி தாமிரசபை, திருவாலங்காடு ரத்தினசபை ஆகிய நான்கிலும் திருமேனிக்கு வழிபாடு. இங்கே சுவரில் தீட்டிய ஓவியத்துக்கே வழிபாடு. உள்சுவர்களில் புராணக் காட்சிகள் நிறைந்திருக்கின்றன. நிறங்களும் கோடுகளும் கண்ணுக்குப் பழகவே கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தைத் தரக்கூடியவை இந்த மாதங்களே. குற்றாலத்துக்குப் பலமுறை போயும் சித்திரசபையைப் பார்க்காதவர்கள் உண்டு என்பது வருத்தமான விஷயம். இந்த ஊருக்கு ஓர் இலக்கிய முகமும் உண்டு. தமிழ் இலக்கிய ரசனையை வளர்த்த ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார். 1954-ல் அவர் மறையும்வரை கல்கி, ராஜாஜி போன்றவர்கள் இங்கே தேடி வந்தது அருவிக்காக மட்டும் அல்ல.

ஊர்க்காரர்களுக்கு இது கை இறுகும் காலம். துண்டு விற்பவர்கள், மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறுகட்டி வைப்பவர்கள் எல்லாருக்கும் சீசன் வருமானம்தான் ஆண்டுச் செலவைத் தாங்க வேண்டும். சாரல் தவறினால் பிழைப்பும் தவறும். இந்நாட்களில் வருகிறவர்கள் அங்கேயே தங்கி, அங்குள்ள கடையிலேயே சாப்பிட்டால் அது சிறிய உதவி அல்ல.

கோயிலுக்கோ இது ஓய்வுக்காலம் இல்லை. சித்திரை விசுத் திருவிழா இந்த மாதங்களில்தான் வருகிறது. சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குப் பக்தர்கள் மலையேறுகிறார்கள். இரண்டிலும் வெளியூர்க் கூட்டத்தைவிடச் சுற்றுவட்டாரத்து மக்களே மிகுதி.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. வறண்ட பாறை நம்பக்கூடிய பாறை அல்ல. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் கோடைமழை கொட்டும். தண்ணீர் சில நிமிடங்களில் இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படித் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. சீசன் தொடங்கியே இராத நாள் அது. ஆகவே கோடையில் போகிறவர்கள் மலைமேல் மேகம் கறுத்தாலும், தண்ணீர் கலங்கி வந்தாலும், காவலர் விசில் ஊதினாலும், குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்தக் கணமே கரையேறிவிட வேண்டும்.