அரைமணிக்கு ஒரு வரி

2025 மார்ச் மாதம் ஒரு காலை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மகன், "அப்பா, நம்ம நாட்டு ஆறுகள்ல மொத்தம் 6,327 டால்பின் இருக்காம். அதென்ன கடைசியில ஏழு? வரிசையா நிக்க வெச்சு எண்ணினாங்களா?" என்று சிரித்தான். எட்டு மாநிலங்கள், 28 ஆறுகள், ஏறக்குறைய 8,500 கிலோமீட்டர் என்று செய்தியில் போட்டிருந்தது. அவன் கேட்டது நியாயமான கேள்விதான். பதில் எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த வேலையில் நானும் ஆறு நாள் சம்பளமில்லாமல் உட்கார்ந்தவன். அதைப் பற்றி இதுவரை முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

ஓசூரில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். நமக்கும் கடலுக்கும் உள்ள உறவு தென்பெண்ணை ஆறு ஒன்றுதான். நந்தி மலையில் பிறந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரை தள்ளிவிட்டு, கடலூர் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. நான் அதற்கு எதிர்த்திசையில் வந்தவன். புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து, அரசாங்கக் கிளார்க்காகக் காலம் தள்ளி, ஓய்வு பெற்றபின் மகனோடு இங்கே வந்து சேர்ந்தேன்.

டால்பின் என்ற பிராணியை அறியுமுன்பே அந்தச் சொல் எனக்குத் தெரியும். பிரெஞ்சில் 'தொஃபேன்' என்றால் டால்பின். பட்டத்து இளவரசனுக்கும் அதே பெயர். 1349இல் தொஃபினே என்ற பிரதேசம் பிரெஞ்சு அரசர் கைக்கு வந்தபோது, அதன் பிரபுக்களின் பட்டமும் கொடியிலிருந்த மீனும் கூடவே வந்துவிட்டன. ழான் தார்க் தொஃபேனைத் தேடிப் போனாள் என்று சரித்திர வாத்தியார் சொன்னபோது, அவள் ஏன் மீனைத் தேடிப் போகிறாள் என்று குழம்பியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு சொல்தா மாமா இருந்தார், இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். தன்னை 'மர்சுவேன்' என்று சொல்லி மார்தட்டிக்கொள்வார். பிரெஞ்சுக் கடற்படைக் காலாட்களுக்கு அது பட்டப்பெயர். அகராதியைப் பார்த்தால் கடற்பன்றி என்று இருந்தது! அவரிடம் போய்ச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2012இல் யானைக் கணக்கெடுப்புக்கு ஓசூர் வனக்கோட்டத்தில் தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நானும் பெயர் கொடுத்தேன். ஜவளகிரிப் பக்கம் அனுப்பினார்கள். ஒரு நாள் யானைகளை நேரில் பார்த்து எண்ணுவது. இன்னொரு நாள் நேர்கோட்டில் நடந்து, இருபுறமும் கிடக்கும் யானைச் சாணக் குவியல்களை எண்ணி, கோட்டிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளப்பது. எங்கள் குழுவில் ஒரு கல்லூரி மாணவி இருந்தாள். பெயர் சொல்லப்போவதில்லை. நான் எழுதிய தாளைப் பார்த்து, "சார், உங்க கையெழுத்துல ஒரு எண்ணையும் ரெண்டு தடவை படிக்க வேண்டியதில்லை" என்றாள். முப்பத்து நான்கு வருட சர்வீஸில் எந்த மேலதிகாரியும் எனக்கு அப்படி ஒரு சான்றிதழ் தந்ததில்லை.

2016 ஜனவரியில், பொங்கலுக்கு முன்பு, திருச்செந்தூர் மணப்பாடு கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கின, உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தப் பெண் அதற்குள் ஆராய்ச்சி மாணவியாகியிருந்தாள். தூத்துக்குடியை ஒட்டிய கடலில் ஓங்கில்களைப் பற்றிப் படிப்பு. பிப்ரவரியில் போன் வந்தது. "சார், படகுல உட்கார்ந்து எழுதறதுக்கு ஒரு ஆள் வேணும். ஆறு நாள். சாப்பாடும் தங்க இடமும் தருவேன், காசு தர முடியாது." என் மனைவி, "அறுபத்தஞ்சு வயசுல கடலுக்குப் போற வேளையா இது?" என்றாள். மைசூர் எக்ஸ்பிரஸ் ஓசூரில் நின்று தூத்துக்குடிக்குப் போகிறது. ஏறிவிட்டேன்.

படகு ஒரு பைபர் வள்ளம். படகுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், கூட அவர் மகன். ஆராய்ச்சிப் பெண் இடப்பக்கம், அவளுடைய ஜூனியர் பையன் வலப்பக்கம், நடுவில் பலகை மேல் நான். மூன்று முறை சொல்லிக் கொடுத்தாள். அரைமணிக்கு ஒரு வரி: நேரம், ஜிபிஎஸ் காட்டும் இடம், காற்று, வெயிலின் கூச்சம், கடல் எப்படியிருக்கிறது என்பதற்குப் பியூபோர்ட் எண். கண்ணாடி மாதிரி கிடந்தால் 0, அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் 3, அதற்கு மேல் போனால் எண்ணுவதில் பிரயோஜனமில்லை. ஓங்கில் தெரிந்தால் பார்த்தவர் கத்துவார்: எத்தனை, படகின் முனையிலிருந்து எத்தனை டிகிரி, எவ்வளவு தூரம். அதை உடனே நான் எழுத வேண்டும். ஒருவர் கத்தினால் மற்றவர் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. தன் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். பாவம், அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது.

கோணமும் தூரமும் எதற்கு என்று கேட்டேன். தாளிக்கும்போது சிதறிய கடுகைத் தேடுவது போலத்தான் என்று புரிந்துகொண்டேன். காலடியில் கிடப்பதெல்லாம் கண்ணில் படும். எட்டிப் போனது போகப் போகத் தப்பும். எந்தெந்தத் தூரத்தில் எத்தனை அகப்பட்டன என்று தெரிந்தால், தப்பியது எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடலாம். ஜவளகிரியில் சாணத்துக்கு டேப் பிடித்ததும் இதற்குத்தான். அந்த 6,327இன் பின்னாலும் இப்படிப்பட்ட கணக்குதான் இருக்கும். "ஒண்ணுமே தெரியலைன்னாலும் அரைமணி வரியை எழுதணும் சார். தேடினோம், இல்லை என்கிறதும் தகவல்தான்" என்றாள்.

முதல் மூன்று நாள் நன்றாகப் போயிற்று. காலை ஐந்தரைக்குக் கிளம்பி, காற்று எழும்பும் முன்பு, பகல் பன்னிரண்டுக்கெல்லாம் திரும்பிவிடுவோம். தூரத்தில் ஒரு கூட்டம் தண்ணீரை விட்டெழும்பிப் பம்பரம் போலச் சுழன்று விழுந்ததைப் பார்த்தேன். எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தான் வாயைப் பிளந்தேன்.

படகுக்காரர் அதிகம் பேசமாட்டார். மூன்றாம் நாள் கஞ்சி குடிக்கும்போது, அவராக மணப்பாட்டைப் பற்றிச் சொன்னார். "அண்ணாச்சி, நாங்க இழுத்துக் கொண்டுபோயி ஆழத்துல விடுதோம். நாம திரும்புததுக்குள்ள அதுவும் திரும்பி வந்துருது. கரையில கிடக்கத விட்டுட்டுப் போவ மாட்டேங்குது. ராத்திரி பூரா மூச்சு விடுத சத்தம். அதை மறக்க முடியல." அவை பைலட் திமிங்கலங்கள். பெயர் திமிங்கலமே தவிர டால்பின் குடும்பந்தான் என்று அந்தப் பெண் சொன்னாள். அதே மணப்பாட்டில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியதாம். 2016இல் நாற்பத்தைந்து செத்தன. மணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள். படகுக்காரர் கஞ்சிப் பாத்திரத்தைக் கடலில் அலம்பிவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

நான்காம் நாள் காற்று முன்னதாகவே வந்துவிட்டது. பத்து மணி வரியை எழுதும்போதே வயிறு புரண்டது. இஞ்சி மொரப்பா ஒன்றை வாயில் போட்டேன். அடுத்த கால்மணிக்குள் நோட்டைப் பலகைக்கடியில் செருகிவிட்டு, படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டுவிட்டேன். அப்போதுதான் அவள் கத்தினாள். ஓங்கில் என்றது காதில் விழுந்தது. மூன்று என்றாளோ நான்கு என்றாளோ, டிகிரி, மீட்டர், எதுவும் மனதில் நிற்கவில்லை. படகு அவற்றை நோக்கித் திரும்பியது. கூனல் முதுகு ஓங்கில்கள், கரையோரக் கலங்கல் தண்ணீரில் திரிகிறவை. ஒன்றின் பக்கத்தில் குட்டி, சாம்பல் நிறம். அவள் முதுகுத் துடுப்புகளைப் படமெடுத்துத் தள்ளினாள். துடுப்பின் விளிம்பிலுள்ள வெட்டையும் வடுவையும் வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடுவார்களாம். நான் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது மணி பதினொன்றாக ஐந்து நிமிடம்.

நோட்டை எடுத்தேன். பத்து மணி வரி இருந்தது. பத்தரை வரி இல்லை. ஓங்கில் வரியும் இல்லை.

பத்துக்குக் கடல் 2. இப்போது 3. நடுவில் இரண்டில் ஒன்றைப் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? இடம் ஜிபிஎஸ்ஸில் பதிவாகியிருக்கும். கோணம் நாற்பது, தூரம் இருநூறு என்று எழுதினால் அவளே ஒப்புக்கொள்வாள். கத்தியது அவளுக்கும் நினைவிருக்காது. பேனாவைத் திறந்தேன். திறந்த கை அப்படியே நின்றது. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முப்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

நான் வேலை பார்த்த அலுவலகங்களில் ஒன்றின் பின்புறம் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலை எட்டரைக்கு அளந்து பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அது என் பொறுப்பு. ஒரு தீபாவளிக்கு விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தது. மூன்று நாள் நான் போகவில்லை. நாலாம் நாள் போய் அளந்தால் 126 மில்லிமீட்டர். எந்த நாள் எவ்வளவு பெய்தது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். தீபாவளிக்கு மறுநாள் இரவு ஒரே ராத்திரியில் கொட்டிய மழை அது. ஆனால் அப்படி எழுதினால் மற்ற இரண்டு நாளும் நான் வந்து அளந்தேனா என்ற கேள்வி வரும் என்று ஒரு பயம். மூன்றால் வகுத்தேன். 42, 42, 42. மீதியில்லாமல் வகுபட்டதில் ஒரு திருப்தி வேறு.

இரண்டு மாதம் கழித்து ஒரு விவசாயி வந்தார். பயிர் மூழ்கியதற்கு நிவாரணம் கேட்டு மனு போட்டிருந்தார். கோப்பில், அந்தத் தேதியில் கனமழை பதிவாகவில்லை என்று குறிப்பு எழுதித் திருப்பியிருந்தார்கள். கனமழை என்றால் ஒரே நாளில் ஏறக்குறைய 65 மில்லிமீட்டராவது பதிவாகியிருக்க வேண்டும். "ஐயா, அன்னிக்கி ராத்திரி பேஞ்ச மழை உங்க புக்குல மட்டும் பெய்யலியா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. பதிவேட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். என் கையெழுத்தில், ரொம்பத் தெளிவாக, 42. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்ற வருஷம் அந்த ஊருக்கு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அவர் காலமாகி வெகுநாளாகியிருந்தது. வயலில் மனைக்கல் நட்டிருந்தார்கள்.

"சார், கோணம் எவ்வளவு சொன்னேன்?" என்று அவள் கேட்டாள்.

"நான் எழுதலைம்மா. பத்தரை வரியும் எழுதலை."

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி, பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து, 'பதிவு இல்லை' என்று எழுதினாள். "இந்தத் துண்டு முழுசும் கணக்குல வராது சார். போட்டோ வரும்" என்றாள். ஜூனியர் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான்கு நாளில் கூனல் முதுகு தெரிந்தது அன்று ஒரு தடவைதான். டீசல் அவளுடைய உதவித்தொகையிலிருந்து போகிறது. சாயங்காலம் வரை அவன் என்னோடு பேசவில்லை. அவன் கோபப்பட்டதில் தப்பில்லை.

மறுநாள் என்னைக் கரையில் உட்காரச் சொல்வாள் என்று நினைத்தேன். காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி நோட்டைக் கையில் கொடுத்தாள். படகுக்காரர் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தந்து, "வயிறு புரண்டா அடிவானத்தைப் பாருங்க அண்ணாச்சி, குனியாதீங்க" என்றார். அடுத்த இரண்டு நாளும் ஒரு வரி தப்பவில்லை. பெரும்பாலான வரிகளில் பார்த்தது என்ற கட்டத்தில் 0. திமிங்கலம் கடைசிவரை ஒன்றுகூடத் தெரியவில்லை. பேரன் இன்னும் அதைச் சொல்லிக் கேலி செய்கிறான்.

திரும்பும் நாள் ஸ்டேஷனில் வண்டிக்கு நேரமிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தாள். என்னவோ தோன்றி, மழைமானிக் கதையை அவளிடம் சொன்னேன். மனைவியிடம்கூடச் சொல்லாத கதை. ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தாள்.

"அந்தப் பதிவேடு மேல போகும்ல சார்? மாசாமாசம் அனுப்புவீங்களா?"

"அனுப்புவோம்."

"அப்போ கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பாங்க. மழையைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க இன்னும் அந்த எண்ணை எடுத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. 42, 42, 42."

வண்டி வந்துகொண்டிருந்தது. என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பெட்டியில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக, "எந்த வருஷம் சார் அது, எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டாள். பாக்கெட்டிலிருந்து அந்தச் சின்ன நோட்டை எடுத்துத் திறந்து வைத்திருந்தாள்.

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.