கழற்றி வைத்த அலாரம்

தலைவலி, குமட்டல் என்றால் நாம் முதலில் சாப்பாட்டைத்தான் குறை சொல்வோம். படுத்திருக்கும் அறையைச் சந்தேகப்படுவோமா?

2022 அக்டோபரில் அமெரிக்காவில், அரிஸோனா மாநிலத்தில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பழைய 'ஆர்.வி.' ஒன்று வாங்கியிருந்தான். பெரிய வேன் மாதிரி ஓடும். உள்ளே படுக்கை, கேஸ் அடுப்பு, ஹீட்டர், குளியலறை எல்லாம் உண்டு. சின்னக் குடித்தனமே நடத்தலாம். அதில் எங்களை கிராண்ட் கேன்யனுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

புறப்படுவதற்கு முதல் நாள் சாமான் அடுக்கும்போது பார்த்தேன். படுக்கைக்குக் கீழே சுவரில் ஒரு சதுர ஓட்டை. இரண்டு வயர் நீட்டிக்கொண்டிருந்தன.

"இது என்னடா?"

"அதுவா அக்கா, கார்பன் மோனாக்ஸைடு அலாரம். ராத்திரி பூரா கீச்சு கீச்சுனு கத்திச்சு. பாப்பா தூங்கலே. கழற்றிப் போட்டுட்டேன்."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. காரணம் உண்டு.

1999-ல் என் தலைப்பிரசவம். ஐப்பசி அடைமழை. "பச்சை உடம்புக்காரி, காற்றுப் படக்கூடாது" என்று அம்மா ஜன்னலையெல்லாம் சாத்தி, கும்மட்டியில் கரி நெருப்புப் போட்டு அறைக்குள் வைத்துவிட்டாள். புகைகூட இல்லை, கணகணவென்று நல்ல தணல். கொஞ்ச நேரத்தில் தலையை இடித்தது, குமட்டியது, எழுந்திருக்கக் காலில் தெம்பில்லை. குழந்தை பாலும் குடிக்காமல் துவண்டு கிடந்தது. கஞ்சி கொண்டுவந்த அத்தைதான் கதவைத் திறந்துபோட்டு, எங்களைத் திண்ணைக்கு இழுத்து வந்தார். வெளிக்காற்றில் மெல்லத் தெளிந்தோம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்று டாக்டரம்மா பிறகு விளக்கினார். ரத்தத்தில் பிராணவாயு உட்காரவேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது பிடித்துக்கொள்கிறதாம். தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இதைச் சொன்னதும் தம்பி, "ஜன்னலைத் திறந்து வெச்சுக்கலாம் அக்கா" என்றான்.

"பக்கத்து வண்டிக்காரங்க ஜெனரேட்டர் போட்டா அந்தப் புகை ஜன்னல் வழியாத்தானே வரும்?" என்று அவன் மனைவியே கேட்டுவிட்டாள்.

டிராயரிலிருந்து அலாரத்தை எடுத்துத் திருப்பினோம். தயாரித்த வருடம் 2014 என்றிருந்தது. உள்ளே வாயுவைக் கண்டுபிடிக்கும் பாகத்துக்கு ஆயுசு உண்டு. தயாரிப்பைப் பொறுத்து 5 முதல் 10 வருடம். முடிந்துவிட்டால் விட்டுவிட்டு ஒரு 'கீச்'. நிஜ ஆபத்து என்றால் நாலு நாலாகக் கத்தும். இவன் கேட்டது, "என் காலம் முடிந்தது, வேறே வாங்கு" என்ற சத்தம்! சோதனைப் பொத்தானை அமுக்கினால் சத்தம் வருகிறதே என்றும் நம்பக்கூடாதாம். சத்தம் போடும் பாகம் சரியா என்றுதான் அது காட்டும். வாயு தெரிகிறதா என்று காட்டாது.

அன்றே கடைக்குப் போனோம். வீட்டு அலாரம் இதற்கு உதவாது. குலுக்கல், வெயில், குளிர் எல்லாம் தாங்கும்படி, ஆர்.வி.க்கு என்றே அச்சிட்டதை வாங்கினோம். வண்டியின் மின்சாரத்தை முழுக்க அணைத்துவிட்டு, சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று வயர்களை இணைத்து, இரண்டு திருகாணி முடுக்கினான் தம்பி. சில நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. இதற்கு அரை மணிகூட ஆகவில்லை. மாற்றிய தேதியைப் பேனாவால் அதன்மேலேயே எழுதச் சொன்னேன்.

கிராண்ட் கேன்யனில் ராத்திரி நடுக்கும் குளிர். ஹீட்டர் ஓடியது. குழந்தை நிம்மதியாகத் தூங்கினாள்; நானும்தான்.

சகோதரிகளே, நமக்கு ஆர்.வி. இல்லாமல் இருக்கலாம். கும்மட்டி இருக்கிறது, ஜன்னலில்லாத குளியலறையில் கேஸ் கீஸர் இருக்கிறது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குக் கதகதப்பு வேண்டும்தான். ஆனால் தணலை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளியே போனால் சரியாகிறதா? உடனே எல்லோரையும் வெளியே அழைத்து வந்து டாக்டரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு உள்ளேயே படுக்க வேண்டாம்.