ஒரு இஞ்ச் ஓட்டை



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. கவிதை நமக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஒரு ஓட்டை போட்ட கதைதான். சிரிக்காமல் படியுங்கள், உங்கள் வீட்டிலும் உதவும்.

எங்கள் ஊர் ஆலங்குளம். 1970-ல் உற்பத்தி தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலையைச் சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். அப்பா கொத்தனாருக்குக் கையாள். அம்மா பயர் ஆபீஸில் வேலை பார்க்கிறார். சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான். அதனால் வீட்டில் மின்விசிறி நின்றாலும் ரேஷன் கார்டில் பெயர் தப்பாக இருந்தாலும், "படிச்ச புள்ளகிட்டக் கேளு" என்பார்கள்.

போன வருடம் அம்மா சீட்டு எடுத்த பணத்தில் 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கினோம். தங்கச்சி குடத்தோடு நடப்பது நிற்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. தொட்டியை மாடியில் ஏற்றியாகிவிட்டது. அடியில் ஓட்டை போட்டு ஒரு இஞ்ச் நிப்பிள் மாட்ட வேண்டும். பிளம்பர் கேட்ட கூலியைக் கேட்டதும் நான் முந்திக்கொண்டு, "நானே போடுறேம்ப்பா, மெக்கானிக்கல்தான படிக்கிறேன்" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

டிரில் மிஷின் மாமாவிடம் இரவல். ஹோல்சா கட்டர் மட்டும் வாங்க வேண்டும். கடையில் போய், "ஒரு இஞ்ச் ஓட்டை போடணும்ணே, விலை கம்மியா ஒண்ணு கொடுங்க" என்றேன். 25 மில்லிமீட்டர் கட்டர் கொடுத்தார். ஒரு இஞ்ச் என்றால் 25.4. கணக்கு சரிதானே?

மாடிக்குப் போனேன். மிஷினை முழு வேகத்தில் அழுத்தினேன். பிளாஸ்டிக் அறுபடவில்லை, உருகியது. ஒரே நாற்றம். பல்லெல்லாம் மெழுகு அப்பியது மாதிரி ஆகிவிட்டது. எப்படியோ ஓட்டை விழுந்தது. நிப்பிளை எடுத்து வைத்தால் உள்ளே போகவே இல்லை!

ஒரு இஞ்ச் நிப்பிள் என்பது குழாயின் உள்விட்டத்தை வைத்து வந்த பெயர். மரை இருக்கும் வெளிப்பக்கம் 33 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வாங்க வேண்டியது 35 மில்லிமீட்டர் கட்டர். ஒரு நூலை மரையைச் சுற்றி அளந்திருந்தால் 105 மில்லிமீட்டர் வந்திருக்கும். 3.14-ஆல் வகுத்தால் 33.4. எட்டாம் வகுப்புக் கணக்கு. வெர்னியர் காலிப்பர் கூட வேண்டாம்.

அப்பா மாடிக்கு வந்து பார்த்தார். "என்னலே ஆச்சு?" என்றார். அந்த நேரத்தில் என் வாய், "கடையில தப்பா கொடுத்துட்டாங்கப்பா" என்றது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "எந்தக் கடைலே? படிக்கிற பையன ஏமாத்துறானா?" என்று கிளம்பிவிட்டார். தெருமுனை வரை பின்னாலேயே ஓடினேன். அங்கே நின்றுதான் சொன்னேன். "கடைக்காரர் மேல தப்பு இல்லப்பா. நாந்தான் தப்பாக் கேட்டேன்."

அப்பா என்னை அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். எனக்கு அதுதான் வலித்தது.

மறுநாள் என் பஸ் காசில் 35 மில்லிமீட்டர் கட்டர் வாங்கினேன். இந்தத் தடவை பார்த்து வாங்கினேன். கட்டரைக் கடைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தேன். பல்லெல்லாம் ஒரே மட்டமாக உட்கார வேண்டும், ஆடினால் வேண்டாம். நடுவில் இருக்கும் பைலட் டிரில் நேராக நிற்கிறதா, திருகு இறுகுகிறதா என்று பார்த்தேன். விலை குறைந்தது கார்பன் ஸ்டீல். மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது போதும். இரும்புத் தகட்டில் வைத்தால் சூட்டில் பல் மழுங்கிவிடும். அதற்கு பை-மெட்டல் வேண்டும். அதில் பல் ஹைஸ்பீடு ஸ்டீல், உடம்பு வளைந்து கொடுக்கும் எஃகு. டைல்ஸுக்கு இந்த இரண்டுமே ஆகாது, வைரத்தூள் பதித்தது வேண்டும்.

வேகத்தையும் கணக்குப் போட்டேன். மிஷினில் 2800 ஆர்.பி.எம். என்று போட்டிருந்தது. 35 மில்லிமீட்டர் விட்டத்துக்கு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 308 மீட்டர் வெட்டு வேகம். இரும்பில் ஹைஸ்பீடு ஸ்டீலுக்கே நம் ஒர்க்ஷாப்பில் 30 மீட்டருக்குள்தான் வைக்கிறோம். அன்று பிளாஸ்டிக் உருகியதில் என்ன ஆச்சரியம்? கட்டர் பெரிதாக ஆக வேகம் குறைய வேண்டும். பரீட்சையில் இந்தச் சூத்திரத்துக்கு முழு மார்க் வாங்கியவன் நான்!

ஆனால் புதுச் சிக்கல் ஒன்று. ஏற்கெனவே ஓட்டை இருக்கிறது. பைலட் டிரில் பிடிக்க நடுவில் ஒன்றும் இல்லை. கட்டரை வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். தொட்டியைக் கீறிவிட்டால் அம்மாவின் சீட்டுப் பணம் போச்சு.

அம்மா வேலை முடிந்து வந்தார். நான் மிஷினைக் கையில் வைத்திருப்பதைப் பார்த்ததும், "ஏய்யா, அதக் கீழ வைய்யி. நான் குளிச்சுட்டு வாரேன்" என்றார். அவர் சேலையில் மருந்துத்தூள் இருக்கும். மிஷின் ஓடும்போது உள்ளே கார்பன் பிரஷ்ஷில் நீலமாகப் பொறி பறக்கும். பயர் ஆபீஸில் மருந்து வேலைக்கு இரும்புச் சாமானே கூடாது, பித்தளையும் மரமும்தான். பொறியைப் பற்றி எங்கள் பாடப்புத்தகத்தை விட அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

குளித்து முடித்து மாடிக்கு வந்தவர் கொஞ்ச நேரம் ஓட்டையையே பார்த்தார். பிறகு கேட்டார்: "நடுவுல பிடிமானம் இல்லேன்னா வெளிய இருந்து பிடிக்கக் கூடாதா? தீப்பெட்டி ஆபீஸ்ல சட்டம் இருந்தாத்தான குச்சி நேரா நிக்கும்?"

எனக்குத் தலையில் குட்டியது மாதிரி இருந்தது. ஜிக் என்று நாம் படிக்கிறோமே, அதுதான் அது! ஒரு பலகைத் துண்டில் முதலில் 35 மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன். பைலட் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி அந்தப் பக்கமிருந்து அறுத்தேன். பிசிறில்லாமல் வந்தது. அந்தப் பலகையைத் தொட்டி ஓட்டைக்கு மேல் சுற்றிலும் ஒரே இடைவெளி வருமாறு வைத்து, நைலான் கயிற்றால் தொட்டியோடு இறுக்கிக் கட்டினோம். அப்பா முழங்காலால் அழுத்திக்கொண்டார். நான் பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, பல் மாட்டினால் மிஷின் மணிக்கட்டை முறுக்கிவிடும் என்பதால் மெல்ல மெல்ல ஓட்டினேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. வெள்ளை வளையம் ஒன்று தனியாகக் கழன்று கட்டருக்குள் நின்றது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை எடுத்தேன்.

விளிம்பைக் கத்தியால் சுரண்டி, உள்ளும் புறமும் வாஷர் கொடுத்து நிப்பிளை முறுக்கினோம். தண்ணீர் ஏற்றினோம். சொட்டு கூட ஒழுகவில்லை. முதல் குடத்தை அம்மாதான் பிடித்தார்.

அடுத்த நாள் டீக்கடையில் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பையன் தப்பாத்தான் போட்டான். ஆனா தப்புன்னு அவனே சொல்லிட்டான். அப்புறம் அவங்க அம்மா யோசனைல சரியாப் போட்டோம்." பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

நண்பர்களே, கட்டர் வாங்கப் போகும்போது நிப்பிளையும் கையோடு எடுத்துப் போங்கள். தெரியாததை வீட்டிலும் கேளுங்கள். அந்த 25 மில்லிமீட்டர் கட்டர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சுவிட்ச் போர்டுப் பலகையில் ஒயர் விட ஓட்டை போட நல்லா உதவுது. தேவைப்பட்டால் வாங்கிக்கொண்டு போங்கள், ஆனால் திருப்பித் தர வேண்டும்!



– இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், ஆலங்குளம்