குழலுக்குள் ஒரு குழல்

வேட்டைத் தோட்டாக்களில் ஈய ரவை போடுவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக பிரிட்டன் அரசு 2025-ல் அறிவித்தது. சிதறிய ஈயத்தைத் தின்று பறவைகள் சாகின்றன. நியாயமான காரணம்தான். செய்தியைப் படித்த எனக்கு வேறொரு சந்தேகம். ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை வந்தால், நூறு வருஷத்துக்கு முந்தைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் என்னவாகும்? ஈயம் நசுங்கிக் கொடுக்கும், எஃகு கொடுக்காது. பழைய மெல்லிய குழலின் வாயை அது கெடுத்துவிடும். பர்மிங்காமில் சிஎன்சி ஓட்டும் நண்பரிடம் கேட்டேன். கோவை பீளமேட்டில் லேத் பிடித்துப் பழகியவர். “பழைய துப்பாக்கி மட்டுமே பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கார்ண்ணா, வாங்க” என்றார்.

பர்மிங்காமில் ஸ்டீல்ஹவுஸ் லேன், லவ்டே ஸ்ட்ரீட், பிரைஸ் ஸ்ட்ரீட் என்று சில தெருக்களைச் சேர்த்துத் துப்பாக்கிப் பேட்டை என்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு லட்சக்கணக்கில் இங்கிருந்து துப்பாக்கி போயிற்று. அதற்கு முன்னால் அடிமை வியாபாரத்துக்காக ஆப்பிரிக்காவுக்கும். அந்தப் பாவக் கணக்கைத் தனியாகத்தான் எழுத வேண்டும். 1960-களில் உள்வட்டச் சாலை போட்டபோது பட்டறைகள் பல இடிபட்டன. மிச்சமிருப்பவற்றில் ஒன்றின் மாடியில் பெரியவர் இருந்தார். ஜன்னலோரம் மேஜை, சுவர் முழுக்க அரங்கள்.

அன்று அவர் கையிலிருந்தது ஒரு உள்குழாய் வேலை. தோட்டா உட்காரும் அறைக்குள் செருகும் மூன்று அங்குலத்துக்கும் குறைவான எஃகுத் துண்டு. 12 போர் துப்பாக்கிக்குள் அதைப் போட்டால் 20 போர் தோட்டாவை வைத்துச் சுடலாம். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். எண் ஏறினால் துவாரம் சிறுக்கும்: 12 போர் என்றால் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 போர் என்றால் 15.6.

எதற்காக இதைத் தேடி வருகிறார்கள் என்று கேட்டேன். தோள்வலிக்காரர்களுக்கு உதை குறைய வேண்டும், தாத்தாவின் துப்பாக்கியில் பேரப்பிள்ளை பழக வேண்டும், இப்போது ஈயத்துக்கு மாற்றாக வரும் பிஸ்மத் ரவை விலை அதிகம் என்பதால் சின்னத் தோட்டாவில் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று அடுக்கினார். “எஃகு ரவைப் பிரச்சினைக்கு இது மருந்தா?” “இல்லை. உள்குழாய் மூன்று அங்குலத்தில் முடிந்துவிடும். குழலின் வாய் அங்கே இருக்கிறது” என்று மறுமுனையைக் காட்டினார். என் சந்தேகம் அதோடு தீர்ந்தது. அவர் தொடர்ந்தார்.

சின்னத் தோட்டா என்றால் சின்ன அழுத்தம் என்று வாடிக்கையாளர்கள் எல்லாரும் நினைக்கிறார்களாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐரோப்பியத் தர விதிப்படி சாதாரண 12 போர் தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் 740 பார். 20 போருக்கு 830. ஆரம்ப அழுத்தத்தை உள்குழாய் தாங்கிக்கொள்ளும், சரி. அதைத் தாண்டிப் போகிற வாயுவைப் பழைய குழல்தான் தாங்க வேண்டும். அந்தக் குழல் இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிய டமாஸ்கஸ் ரகமாக, கரிமருந்துக்கு மட்டுமே சோதித்த முத்திரையோடு இருந்தால்? உள்ளே துரு அரித்திருந்தால்? குழல் சுவர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்குக்குக் கீழே போனால், அதாவது அரை மில்லிமீட்டர்கூட இல்லையென்றால், அவர் தொடவே மாட்டார்.

இன்னொரு ஆபத்தையும் சொன்னார். உள்குழாய் இல்லாமல் 12 போர் துப்பாக்கிக்குள் தவறுதலாக 20 போர் தோட்டா விழுந்தால், அது வழுக்கிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. காலிதானே என்று பின்னால் ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போகும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். உள்குழாய் விற்பவர்கள் இதை அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்பது என் கட்சி.

குழாயை லேத்தில் கடையும் வேலையை நண்பர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது மேஜை ஓரத்திலிருந்த சின்ன மண்ணெண்ணெய் விளக்கு. வெளிச்சத்துக்காக அல்ல, புகைக்காக ஏற்றுவது. திரியை உயர்த்திக் கரும்புகை கக்கவிட்டு, அதன்மேல் உள்குழாயைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். மைபோல மெல்லிய கரி படிந்தது. அறைக்குள் செருகி, ஒரு தள்ளு, வெளியே. கரி இரண்டு இடத்தில் அழிந்து எஃகு பளிச்சிட்டது. இடிக்கும் இடம் அதுதான். அங்கே மட்டும் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி செருகல். அறை பின்பக்கம் அகன்று முன்னே குறுகும். அதுவும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் ஒவ்வொரு மாதிரி, கையால் செய்த காலத்துச் சாமான். இறுகினால் சுட்ட பின் கழற்ற முடியாது. தளர்ந்தால் தோட்டாவின் பித்தளை பிதுங்கும். கடைசியில் பளிச்சென்ற புள்ளிகள் சுற்றிலும் ஒரே சீராக வந்தபோதுதான் அரத்தைக் கீழே வைத்தார். விரல் நுனியெல்லாம் கரி.

குழலையும் அவர் கண்ணால்தான் படிக்கிறார். ஜன்னல் பக்கம் நீட்டி உள்ளே பார்த்தால் வெளிச்ச வளையங்கள் தெரிகின்றன. வளையம் கோணினால் அங்கே பள்ளமோ வீக்கமோ இருக்கிறது. கொக்கியில் தொங்கவிட்டு விரலால் சுண்டினார், கோயில் மணிபோல நீண்டு ஒலித்தது. இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை பற்று விட்டிருந்தால் ‘டொக்’கென்று கேட்குமாம்.

அவர் இந்தத் தெருவுக்கு வந்தது பதினைந்து வயதில். முதல் வேலை தேநீர் வாங்கி வருவது, அப்புறம் குழலுக்கு அரம் பிடிப்பது. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. குழல் செய்பவர் ஒருவர், கட்டை செதுக்குபவர் ஒருவர், விசை செய்பவர் ஒருவர் என்று இந்தத் தெருக்களில் கைமாறி உருவான எத்தனையோ துப்பாக்கிகள் லண்டன் கடைக்காரரின் பெயரைப் பொறித்துக்கொண்டு விற்பனைக்குப் போயின. செய்தவன் பெயர் எங்குமில்லை. அதிகம் போனால் குழலின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில் இரண்டு எழுத்து. பெயர் பொறித்தவன் வாரிசுகளுக்கு மாளிகை விட்டுப்போனான், அரம் பிடித்தவன் இருமலை விட்டுப்போனான். இன்றும் ஏலத்தில் விலை ஏற்றுவது அந்தக் கடைப்பெயர்தான், குழலின் தரம் இரண்டாம்பட்சம். எனக்குக் கோபம் வந்தது. பெரியவருக்கு வரவில்லை. “வாராவாரம் கூலி வந்தது” என்றார்.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் ஒருவர் துணியில் சுற்றி ஒரு டமாஸ்கஸ் துப்பாக்கி கொண்டுவந்தார். இணையத்தில் வாங்கிய ரெடிமேட் உள்குழாயும் கூடவே. போட்டுச் சுடலாமா என்று மட்டும் சொன்னால் போதுமாம். பெரியவர் அடிப்பக்க முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், குழலை ஜன்னலுக்கு நீட்டினார், அளவுக்கருவியை ஓட்டினார். அரைமணி நேரம். பிறகு, “சுவரில் மாட்டுங்கள், சுடாதீர்கள். நம்பிக்கையில்லை என்றால் பான்பரி ஸ்ட்ரீட் சோதனைச் சாலைக்கு எடுத்துப் போங்கள்” என்றார். 1813-லிருந்து குழல்களுக்குக் கூடுதல் மருந்து திணித்துச் சுட்டுப்பார்த்து முத்திரை குத்தும் இடம் அது. வந்தவர் முகம் சுருங்கிப் போனார். பெரியவர் காசு கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் நண்பருக்கு ஆறவே இல்லை. அந்தக் குழாயைத் தன் மெஷினில் ஒரே நாளில் ஐம்பது போடலாம் என்று கணக்குச் சொன்னார். எந்தத் துப்பாக்கிக்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவர், “அதைப் பார்த்துச் சொன்னதுக்குத்தான்ண்ணா காசு வாங்கியிருக்கணும். எங்க பீளமேட்டு ஓனரா இருந்தா மொதல்ல பில்லப் போட்டிருப்பார்” என்றார்.