மிளகு டப்பாவில் மாத்திரை

சென்ற ஐப்பசி மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்து என் மாமியாருக்கு மணிக்கட்டு முறிந்தது. "எலும்பு மெலிஞ்சிருக்கு" என்று டாக்டர் வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதித் தந்தார். "தாடை எலும்பே அழுகிடுமாம்!" என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னதுதான் தாமதம், ரசத்துக்கு மிளகு எடுக்கப் போனால் டப்பாவுக்குள் மாத்திரைகள்!

டாக்டரிடமே கேட்டேன். "அது ரொம்ப அபூர்வம்மா. பல் டாக்டரைப் பார்த்துட்டு ஆரம்பிங்க. ஒரு தடவை முறிஞ்சவங்களுக்கு அடுத்து இடுப்பு முறியற ஆபத்துதான் பெரிசு. அஞ்சு வருஷம் போனதும் நிறுத்தலாமான்னு பார்ப்போம்" என்றார்.

இப்போது ஞாயிறுதோறும் விடிந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு மாத்திரை. அரை மணி நேரம் படுக்கக் கூடாது, காபியும் கிடையாது! கேழ்வரகுக் கூழும் கால்சியம் மாத்திரையும் பிறகுதான். அவை துணையே தவிர, மருந்துக்கு மாற்று அல்ல.

சகோதரிகளே, பயமாக இருந்தால் மாத்திரையை ஒளிக்காதீர்கள். வாய் விட்டுக் கேட்டுவிடுங்கள்.