எட்டு போட்ட ராத்திரி

ஸ்ரீபெரும்புதூர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ராமானுஜர் அவதரித்த ஊர். 1991-க்குப் பிறகு ராஜீவ் காந்தி. அப்புறம் கார் தொழிற்சாலைகள். எனக்கு மட்டும் ஒரு லாட்ஜ் மேனேஜரின் மேஜைக் கண்ணாடி ஞாபகம் வரும். காரணம் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும், பரவாயில்லையா?

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற ரோட்டில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. 1990-ல் திறந்தார்கள். ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். அதற்கு முன்னால் சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் கார் ரேஸ். எங்கள் அப்பா என்னை ஒரு தடவை அழைத்துப் போயிருக்கிறார். அன்றைக்கு நான் பார்த்தது தூசி, கேட்டது சத்தம், சாப்பிட்டது தயிர் சாதம். ரேஸுக்கும் எனக்கும் சம்பந்தம் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன், என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறவரைக்கும்.

மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, நல்ல குணம், ஒரே ஒரு கெட்ட பழக்கம். கார் ரேஸ். குடிக்கிறவர்களைக்கூடத் திருத்திவிடலாம்.

ரேஸ் என்றதும் நீங்கள் டி.வி-யில் பார்க்கிற ஃபார்முலா ஒன்னை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நாலு டயரையும் கழற்றி மாட்ட மூன்று நொடிகூட ஆவதில்லை. நான் சொல்வது ஞாயிற்றுக்கிழமை ரேஸ்காரர்களை. திங்கட்கிழமை காலை ஆபீஸ் போகவேண்டிய ஜனங்கள். கோயமுத்தூர் கரிவர்தன், 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனாரே, அவர் 80-களின் கடைசியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒரு ரேஸ் காரையே வடிவமைத்தார். ரேஸ் என்பது ராஜா வீட்டு விளையாட்டாக இல்லாமல் ஓரளவுக்காவது கைக்கு எட்டியது அதற்குப் பிறகுதான். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டப் போன நரேன் கார்த்திகேயன்கூட அந்த மாருதி இன்ஜினில் தொடங்கியவர்தான். நம் மாப்பிள்ளை அந்த அளவுக்கெல்லாம் இல்லை. பழைய எஸ்டீம் ஒன்றை வாங்கி, உள்ளே சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, இரும்புக் குழாயில் கூண்டு வைத்து, அதற்குள் தன்னைக் கட்டிக்கொண்டு ஓட்டுவார்.

ஓட்டுவார் என்று சொன்னேனே தவிர, முடித்ததில்லை. மூன்று ரேஸ்களில் கலந்துகொண்டார். ஒன்றில் கியர் பாக்ஸ், ஒன்றில் டயர், ஒன்றில் முதல் வளைவிலேயே யாரோ வந்து இடித்தார்கள். கட்டம் போட்ட அந்தக் கறுப்பு வெள்ளைக் கொடியை அவர் காரில் இருந்தபடி பார்த்ததே கிடையாது.

2003 ஜூலையில் நாலாவது. இதுதான் கடைசி என்று என் தங்கையிடம் சத்தியம் பண்ணியிருந்தார். பையனுக்கு ஸ்கூல் சேர்க்க வேண்டிய வருஷம். கார் விற்கப்பட வேண்டும். தங்கை எனக்குப் போன் பண்ணினாள். "அண்ணா, நீயும் கூடப் போ. ஒரு தடவையாவது முழுசா ஓட்டி முடிச்சுட்டு வரட்டும். இல்லேன்னா வித்த பிறகும் ஆயுசுக்கும் அதையே சொல்லிட்டிருப்பாரு."

எனவே, பேங்க்கில் வவுச்சர் பார்த்துக்கொண்டிருந்த நான், வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ரேஸ் டீமில் சேர்ந்தேன். டீம் என்றால் மூன்று பேர். மாப்பிள்ளை, நான், பாய். பாய்க்கு அப்போது ஐம்பத்தைந்து வயசு இருக்கும். புதுப்பேட்டைக்குப் பக்கத்தில் பட்டறை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு என்று சொல்லிவிடுவார். என்னை 'சார்' என்பார், மாப்பிள்ளையை 'தம்பி' என்பார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரைப் பரிசோதிப்பார்கள். பெல்ட், கூண்டு, தீயணைப்பான், ஹெல்மெட் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. அது முடிந்த பிறகு பாய் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கையில் ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர். "சார், எல்லா ஹோஸ் கிளிப்பையும் ஒரு தடவை டைட் வெச்சுப் பாத்துடுங்க."

பார்த்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரேடியேட்டரின் கீழ் ஹோஸுக்குக் குனிந்தபோது டீ வந்தது.

மீதியை நீங்களே யூகித்திருப்பீர்கள்.

சனிக்கிழமை காலை பயிற்சி ஓட்டம். மூன்றாவது சுற்றில் கார் எங்கள் எதிரே போகும்போது பின்னால் வெள்ளையாக ஒரு வால். நான் புகை என்று நினைத்தேன். பாய் "ஆவி" என்றார். அவர் கையை ஆட்டி நிறுத்தச் சொல்வதற்குள் கார் போய்விட்டது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் காரில்கூட நடக்கலாம், தெரிந்துகொள்ளுங்கள். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற மீட்டர், தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீர் மொத்தமும் கொட்டிவிட்டால் அந்த முள் ஏறுவதற்குப் பதில் இறங்கினாலும் இறங்கும். மாப்பிள்ளை முள் இறங்குவதைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கிறார். பாதிச் சுற்றில் இன்ஜின் நின்றது. கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

பானட்டைத் திறந்தோம். பாய் குனிந்தார். கீழ் ஹோஸ் கழன்று தொங்கியது. கிளிப் அதன் கழுத்தில் வளையல் மாதிரி லூஸாக ஆடியது. மாப்பிள்ளை "என்ன பாய்?" என்றார். என் காதுக்குள் வண்டு பறந்தது.

பாய் அந்தக் கிளிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். "பழைய கிளிப்பு தம்பி. திரெட் தேஞ்சு போச்சு" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். திரெட் தேயவில்லை. எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது.

தகுதிச் சுற்று மதியம். நாங்கள் அதில் இல்லை. அந்த நேரத்தில் இன்ஜினின் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தோம். சிலிண்டர் ஹெட் அலுமினியம். தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் அப்பளம் மாதிரி வளையும். பாய் அதன் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, இடுக்கில் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகினார். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் தகடு உள்ளே போனது. போகக் கூடாது. நம் கண்ணுக்கே தெரியாத வளைவு. ஆனால் அந்த இடைவெளி போதும், கேஸ்கெட் மறுபடி அடி வாங்கிவிடும்.

பட்டறையாக இருந்தால் மெஷினில் வைத்துத் தேய்த்துவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு எந்த மெஷின் கடை திறந்திருக்கும்? இரண்டு இடங்களுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். புதுக் கேஸ்கெட் கிடைத்தது, அதுவும் கடையில் இல்லை. பக்கத்துப் பிட்டில் இருந்த இன்னொரு எஸ்டீம்காரர் தன் ஸ்பேர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மறுநாள் எங்களோடு போட்டி போட வேண்டியவர்! "இதை மாட்டிட்டு என்னையே ஓவர்டேக் பண்ணிடாதீங்க" என்றார். அந்தக் கவலை அவருக்குத் தேவையே இருக்கவில்லை.

மாப்பிள்ளை ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "விடுங்க பாய். இது எனக்கு எழுதலை" என்றார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த விதம்... அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

பாய் அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம் திரும்பி, "சார், கனமான கண்ணாடி வேணும். ரெண்டடிக்கு ஒண்ணரை அடி. கிடைக்குமா?" என்றார்.

இங்கேதான் அந்த லாட்ஜ் மேனேஜர் வருகிறார்.

ஹெட்டைத் துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனோம். ரிசப்ஷன் மேஜையில் தடிமனான கண்ணாடி. அதன் அடியில் வெங்கடாஜலபதி படம், தினக் காலண்டர் அட்டை, ஏகப்பட்ட விசிட்டிங் கார்டுகள். நெற்றியில் நாமம் போட்ட மேனேஜர், நான் கேட்டதைக் கேட்டுவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மனநிலை சரியில்லாதவனோ என்று பார்க்கிற பார்வை. பாய் விஷயத்தை விளக்கினார். மேனேஜர் அமைதியாகப் பெருமாள் படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, டிராயரில் வைத்தார். "விடியறதுக்குள்ள வெச்சுடுங்க சார். ஓனர் ஏழு மணிக்கு வந்துடுவாரு."

கண்ணாடி போல சமமான பரப்பு உலகத்தில் சுலபமாகக் கிடைக்காது என்பது பாயின் சித்தாந்தம். அதை லாட்ஜ் வாசல் திண்ணையில் டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து, மேலே எமரி பேப்பரைப் பரப்பி, மண்ணெண்ணெய் தெளித்து, ஹெட்டைக் கவிழ்த்து வைத்துத் தேய்க்க வேண்டும். நேராகத் தேய்த்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எட்டு போட வேண்டும். டூ வீலர் லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. முன்னால் எட்டு போட்டிருப்பீர்களே, அதே எட்டு. அழுத்தக் கூடாது. அதன் கனத்திலேயே போக வேண்டும். ஐம்பது எட்டு, அப்புறம் திருப்பி வைத்து ஐம்பது. துடைத்து ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். தகடு இன்னும் போகிறதா? மறுபடி ஐம்பது.

மாப்பிள்ளையைத் தூங்கச் சொல்லி மேலே அனுப்பியிருந்தார் பாய். ஓட்டுகிறவன் தூங்க வேண்டுமாம். பத்தரை மணி இருக்கும். என் தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருந்தது. கைக்கு வேலை இருக்கும்போது வாய்க்குத் தைரியம் வருகிறது. "பாய், அந்தக் கிளிப்... நான்தான் டைட் வைக்கலை" என்றேன்.

"தெரியும் சார்" என்றார், எட்டை நிறுத்தாமல்.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"சொன்னா தம்பி உங்ககூட சண்டை போடுவாரு. நீங்க கோவிச்சுக்கிட்டு பஸ் ஏறிடுவீங்க. ராத்திரி பூரா எட்டு போட எனக்கு ஆள் வேணாமா?" கொஞ்ச நேரம் கழித்து, "அழுத்தாதீங்க சார். நீங்க அழுத்தறீங்க" என்றார்.

பெரிய மனசு என்று நான் அப்போது கண் கலங்கினேன். பின்னால் யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம் என்று தோன்றுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது நிஜமாகவே இரண்டு கை. யார் தப்பு என்று கண்டுபிடிப்பதை அவர் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஒரு மணிக்குத் தகடு எங்கேயும் போகவில்லை. கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, பெருமாள், காலண்டர், கார்டுகள் சகிதம் பழையபடி வைத்தோம். டிராக்குக்குத் திரும்பி கேஸ்கெட் வைத்து ஹெட்டை உட்கார்த்தி, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையாக இறுக்கினார். ஓரத்திலிருந்து இறுக்கினால் மறுபடி வளைந்துவிடுமாம். டைமிங் பெல்ட் குறிகளை அவர் மூன்று தடவை சரிபார்த்தார், என்னை ஒரு தடவை பார்க்கச் சொன்னார். கீழ் ஹோஸ் கிளிப்பை நான் ஏழெட்டு தடவை பார்த்தேன்.

நாலே முக்காலுக்கு சாவியைத் திருப்பினால், இன்ஜின் தும்மியது. இருமியது. பிடிக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாய் டார்ச்சை வாங்கிப் பார்த்தார். பிளக் வயர்களில் இரண்டை மாற்றிச் செருகியிருந்தார். முப்பது வருஷ மெக்கானிக்! சிரித்துக்கொண்டே, "இது என்னோட கிளிப்பு சார்" என்றார். மாற்றிச் செருகியதும் முதல் திருப்பில் பிடித்தது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? விட்டுவிடுகிறேன். பாய் கை கழுவிக்கொண்டு, பிட்டுக்குப் பின்னால் ஒரு துண்டை விரித்து சுபுஹு தொழப் போனார்.

நேரம் பதிவாகாததால், எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, கடைசி வரிசையில் நின்றார் மாப்பிள்ளை. எட்டு சுற்று. முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற தூரம்தான். முதல் சுற்றில் மூன்று பேரை முந்தினார். இரண்டாவது சுற்றில் கிளட்ச் கேபிள் அறுந்தது.

இதைக் கதையாக எழுதியிருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார். நடந்தது.

கிளட்ச் இல்லாமல் கியர் மாற்ற முடியுமா? முடியும். ஆக்ஸிலரேட்டரை விட்டு, கியரை நியூட்ரலுக்குப் பிடுங்கி, இன்ஜின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துப்போகிற நொடியில் அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். நொடி தப்பினால் கரகரவென்று பல் அரைபடும். முந்தின மூன்று பேரும் திரும்ப முந்தினார்கள். கேஸ்கெட் கொடுத்தவர் ஒரு சுற்று முழுக்க முன்னால் போய்விட்டார், போகும்போது கையைத் தூக்கிக் காட்டினார். ஒவ்வொரு தடவை எங்கள் எதிரே வரும்போதும் அந்தக் கரகர. பாய் கண்ணை மூடிக்கொள்வார். நான் போர்டில் மிச்சமிருக்கும் சுற்றை எழுதிக் காட்டுவேன். ஐந்து. நான்கு. மூன்று. எழுதுகிற என் கை முந்தின ராத்திரி எட்டு போட்ட கை, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் நடுங்கியது.

கொடி வாங்கினார். ஒரு சுற்று பின்னால், ஓடி முடித்தவர்களில் கடைசி. ஆனால் காரில் உட்கார்ந்தபடி, இன்ஜின் ஓட ஓட, கட்டம் போட்ட கொடியைக் கடந்தார். பிட்டுக்கு வந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தார். நாங்களும் போய்க் கதவைத் திறக்கவில்லை.

காரைச் சொன்னபடி தீபாவளிக்கு முன்னால் விற்றுவிட்டார். பையன் ஸ்கூலில் சேர்ந்து, படித்து முடித்து, இப்போது வேலைக்கே போய்விட்டான். பாய் பட்டறையை மகனிடம் விட்டுவிட்டார். அந்தக் கிளிப் என்னிடம் இருக்கிறது, விடைபெறும்போது என் கையில் வைத்து மூடினார்.

மாப்பிள்ளையிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால், நாங்கள் குடும்பத்தோடு எங்கேயாவது வெளியூர் கிளம்பினால் அவர் பானட்டைத் திறப்பார். நான் எட்டிப் பார்க்கப் போனால், "நீங்க டீ சாப்பிடுங்க மச்சான், நான் பாத்துக்கறேன்" என்பார். கை நேராகக் கீழ் ஹோஸுக்குப் போகும்.